ப்ளூ ஸ்கிரீன் வந்தா கார்டை எடுக்காதீங்க, போனை எடுங்க



இன்னைக்கு மியூச்சுவல் ஃபண்ட் இல்ல, டேக்ஸ் இல்ல. வீட்டுக் கம்ப்யூட்டர்ல அடிக்கடி வர்ற ப்ளூ ஸ்கிரீன் பத்திப் பேசப் போறேன். "பர்சனல் ஃபைனான்ஸ் பக்கத்துல இது எதுக்கு?"ன்னு கேப்பீங்க. ஏன்னா அந்த நீலக் கலர் ஸ்கிரீனால எனக்கு ஒருதடவை அறுபதாயிரம் ரூபாய் போச்சு. இன்னொரு தடவை அதே மாதிரி போக இருந்தது, போகல. ரெண்டுக்கும் நடுவுல நான் கத்துக்கிட்டது ஒரே ஒரு விஷயம்தான். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

2021: அவசரத்துல வாங்கின லேப்டாப்

அப்போ வொர்க் ஃப்ரம் ஹோம். முத்தியால்பேட்டைல எங்க வீடு, கடற்கரையில இருந்து நடக்குற தூரம். 2017-ல அசெம்பிள் பண்ண டெஸ்க்டாப். திடீர்னு மீட்டிங் நடுவுல ஸ்கிரீன் நீலமாகி ரீஸ்டார்ட் ஆக ஆரம்பிச்சது. முதல்ல வாரம் ஒருதடவை, அப்புறம் தினம் ஒருதடவை. ஒருநாள் கிளையன்ட் முன்னாடியே நடந்துச்சு. மேனேஜர் ஒண்ணும் சொல்லல, ஆனா எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு.

சிஸ்டத்தைத் தூக்கிட்டு ஒரு கடைக்குப் போனேன். பத்து நிமிஷம் பார்த்துட்டு, "மதர்போர்டு போயிடுச்சு தம்பி, இதுக்குச் செலவு பண்றது வேஸ்ட்"னு சொன்னார். என்ன டெஸ்ட் பண்ணீங்கன்னு நான் கேக்கல. சண்டே மார்க்கெட்ல முந்நூறு ரூபாய் செருப்புக்கு நாலு கடை ஏறி இறங்கி பேரம் பேசுற ஆளு நான். அன்னைக்கு ஒரு கேள்வி கூட கேக்காம வீட்டுக்கு வந்து, அன்னைக்கு ராத்திரியே 62,000 ரூபாய்க்கு லேப்டாப் ஆர்டர் போட்டேன். 12 மாச "நோ காஸ்ட்" இஎம்ஐ. மாசம் 5,167 ரூபாய்.

பழைய டெஸ்க்டாப்பை வில்லியனூர்ல இருக்குற சித்தி பையனுக்குக் கொடுத்துட்டேன். காலேஜ் படிச்சிட்டு இருந்தான். ரெண்டு வாரம் கழிச்சு போன் பண்ணான். "அண்ணா, ரெண்டு ரேம்ல ஒண்ணுதான் போயிருக்கு. அதைக் கழட்டிட்டேன், ஓடுது. இன்னொண்ணு 1,800 ரூபாய்க்கு வாங்கிப் போட்டுட்டேன்." அந்த மதர்போர்டு இன்னைக்கும் வில்லியனூர்ல ஓடிட்டு இருக்கு.

62,000-ல 1,800 போனா 60,200. இது கண்ணுக்குத் தெரிஞ்ச நஷ்டம். தெரியாத நஷ்டம் அடுத்து வந்துச்சு. இஎம்ஐ ஆரம்பிச்ச மூணாவது மாசம் அம்மாவுக்கு ஒரு சின்ன ஆபரேஷன். இன்சூரன்ஸ் போக கையில இருந்து 38,000 கட்ட வேண்டியிருந்தது. எமர்ஜென்சி ஃபண்ட்ல போட வேண்டிய காசு இஎம்ஐக்குப் போயிட்டு இருந்ததால, கிரெடிட் கார்டுல தேய்ச்சேன். நாலு மாசமா கொஞ்சம் கொஞ்சமா கட்டி முடிச்சேன். மாசம் 3.5 சதவீத வட்டி, அதுக்கு மேல ஜிஎஸ்டி. கிட்டத்தட்ட நாலாயிரம் ரூபாய் வட்டியாவே போச்சு.

போன ரேம் ஒண்ணு. அதுக்கு நான் கொடுத்த விலை இவ்வளவு.

"நோ காஸ்ட்" இஎம்ஐக்கும் காஸ்ட் இருக்கு

அவசரத்துல வாங்குறப்ப நம்ம கை போற இடம் இதுதான், அதனால ரெண்டு வரி சொல்லிடறேன். ஜீரோ பர்சென்ட் வட்டின்னு ஒண்ணு கிடையவே கிடையாதுன்னு ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பர்லயே சுற்றறிக்கையில சொல்லிடுச்சு. பேங்க் வட்டி போடத்தான் செய்யும். அந்த வட்டி அளவுக்கு கடைக்காரரோ கம்பெனியோ விலையில டிஸ்கவுண்ட் கொடுப்பாங்க, அவ்வளவுதான். ஆனா அந்த வட்டிக்கு மேல வர்ற 18 சதவீத ஜிஎஸ்டியை நீங்கதான் கட்டணும்.

62,000-க்கு கணக்கு போட்டுப் பாருங்க. வருஷத்துக்கு 16 சதவீதம்னு வெச்சா, 12 மாசத்துல உள்ளே ஒளிஞ்சிருக்கிற வட்டி சுமார் 5,000. அதுக்கு ஜிஎஸ்டி சுமார் 900. பிராசஸிங் ஃபீ தனி. முழுப் பணம் கொடுத்து வாங்கினா கிடைச்சிருக்கக் கூடிய தள்ளுபடியும் போச்சு.

இஎம்ஐயே தப்புன்னு நான் சொல்லல. தேவையான பொருளுக்கு, யோசிச்சு எடுத்தா பரவாயில்ல. பயத்துல எடுத்தா தப்பு.

உலகமே நீலமான அந்த வெள்ளிக்கிழமை

2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கா? கிரவுட்ஸ்ட்ரைக்குன்னு ஒரு செக்யூரிட்டி கம்பெனி அனுப்பின ஒரு தப்பான அப்டேட்டால, மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் ப்ளூ ஸ்கிரீன்ல நின்னுச்சு. நம்ம நாட்டு ஏர்போர்ட்ல பேனாவால எழுதின போர்டிங் பாஸ் கொடுத்தாங்க. அந்த போட்டோ எல்லா வாட்ஸ்அப் குரூப்லயும் சுத்துச்சு.

இப்போ யோசிங்க. அந்த 85 லட்சம் மெஷின்லயும் மதர்போர்டு போச்சா? ஒண்ணுல கூட ஹார்டுவேர் பிரச்சனை இல்ல. சேஃப் மோடுல போய் ஒரே ஒரு ஃபைலை அழிச்சா சரியாகிடும். பல ஆபீஸ்ல நாள் கணக்கா இழுத்ததுக்கு காரணம், ஒவ்வொரு மெஷின் முன்னாடியும் ஆள் போய் உக்கார வேண்டியிருந்தது. பிட்லாக்கர் பூட்டு போட்ட மெஷின்ல ரிகவரி கீ வேற தேட வேண்டியிருந்தது.

ப்ளூ ஸ்கிரீன்னா மெஷின் செத்துப் போச்சுன்னு அர்த்தம் இல்ல. "உள்ளே ஏதோ தப்பு நடக்குது, இதுக்கு மேல ஓடினா உங்க டேட்டா கெட்டுப் போகும், அதனால நிறுத்திட்டேன்"னு விண்டோஸ் சொல்ற எச்சரிக்கை அது. ஜுரம் மாதிரி. ஜுரம் வந்தா ஆளை மாத்த மாட்டோம், எதனால ஜுரம்னு பார்ப்போம்.

(2025-ல இருந்து விண்டோஸ் 11 அப்டேட்ல அந்த ஸ்கிரீன் கறுப்பாகிடுச்சு. கலர்தான் மாறியிருக்கு, விஷயம் அதேதான்.)

2024: ஃபெஞ்சலுக்கு அப்புறம்

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் பாண்டி பக்கம் கரையைக் கடந்தது. ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல மழை. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கம் வீட்டுக்குள்ள தண்ணி. எங்க வீட்டுல தண்ணி வரல, கரண்ட் மட்டும் போய்ப் போய் வந்துச்சு.

ரெண்டு வாரம் கழிச்சு அப்பாவோட டெஸ்க்டாப் படுத்த ஆரம்பிச்சது. அவர் ரிட்டயர்டு ஆளு. வீட்டுக் கணக்கு, பென்ஷன் பேப்பர், பேரப்பிள்ளைங்க போட்டோ எல்லாம் அதுலதான். சில நாள் ப்ளூ ஸ்கிரீன், சில நாள் ஸ்கிரீன் எதுவும் வராம சட்டுனு ரீஸ்டார்ட். ஒரு கடையில கேட்டப்ப, "புதுசா அசெம்பிள் பண்ணிடலாம், 48,000 ஆகும்"னு எஸ்டிமேட் வந்துச்சு. அப்பா ஃபிக்சட் டெபாசிட்டை உடைக்கிற பேச்சுக்கே வந்துட்டார்.

இந்தத் தடவை நான், "பத்து நாள் டைம் கொடுங்கப்பா"ன்னு சொன்னேன். ஒரு நோட்டை மேசையில வெச்சேன். "எப்போ நின்னாலும் தேதி, மணி, அப்போ என்ன பண்ணிட்டு இருந்தீங்க, இதை மட்டும் எழுதுங்க. ஸ்கிரீன்ல எழுத்து வந்தா போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க."

பத்து நாள்ல ஏழு தடவை நின்னுச்சு. அதுல ஆறு தடவை சாயங்காலம் ஆறரைல இருந்து ஏழுக்குள்ள. நோட்டைப் பார்த்துட்டு அம்மாதான் கண்டுபிடிச்சாங்க: "அப்பதான்டா நான் தண்ணி மோட்டார் போடுவேன்."

மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது வோல்டேஜ் ஒரு நொடி இறங்கும். யுபிஎஸ் அதைத் தாங்கணும். யுபிஎஸ்ஸோட பேட்டரி எப்பவோ செத்துப் போயிருந்தது, யாரும் பார்க்கல. கம்ப்யூட்டருக்குள்ள இருக்குற எஸ்எம்பிஎஸ்ஸும் ஏழு வருஷப் பழசு. ஸ்டாப் கோடு "வீயா அன்கரெக்டபிள் எரர்"னு வந்திருந்தது. அது ஹார்டுவேர் பக்கம் கை காட்டுற கோடு. உடனே புதுசு வாங்கல. நண்பன் வீட்டுல இருந்து ஒரு எஸ்எம்பிஎஸ் கடன் வாங்கி மாட்டி ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தோம். ஒருதடவை கூட நிக்கல. அப்புறம்தான் காசு கொடுத்தோம். எஸ்எம்பிஎஸ் 2,400, யுபிஎஸ் பேட்டரி 1,000. மொத்தம் 3,400 ரூபாய்.

48,000 எங்கே, 3,400 எங்கே? மிச்சம் 44,600. கையில 35,000 சம்பளம் வாங்குற ஒருத்தருக்கு இது ஒரு மாசச் சம்பளத்தை விட அதிகம்.

என்னோட வரிசை: காசு செலவாகாதது முதல்ல

என் கருத்து இதுதான்: கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி காசு செலவு பண்ணக் கூடாது. கண்டுபிடிக்கிற வேலையில முக்கால்வாசி இலவசம். நான் ஃபாலோ பண்ற வரிசை இது.

1. முதல்ல பேக்கப். எந்த ரிப்பேருக்கும் முன்னாடி ஃபார்ம் 16, பிஎஃப் பேப்பர், போட்டோ எல்லாத்தையும் வெளி ஹார்டு டிஸ்க்லயோ கிளவுட்லயோ காப்பி பண்ணுங்க. பிட்லாக்கர் ஆன்ல இருந்தா ரிகவரி கீயை வேற இடத்துல எழுதி வைங்க. இது இல்லாம பயாஸ்ல கை வெச்சா, உங்க சொந்த மெஷினே உங்களை உள்ளே விடாது.

2. ஸ்டாப் கோடை போட்டோ எடுங்க. படிக்கிறதுக்குள்ள ரீஸ்டார்ட் ஆகுதா? சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸ்ல "ஸ்டார்ட்அப் அண்ட் ரிகவரி"க்குப் போய், தானா ரீஸ்டார்ட் ஆகுறதுக்கான டிக்கை எடுத்துடுங்க. ஏதாவது ஃபைல் பேரு கீழே வந்தா அதையும் சேர்த்து எடுங்க. பல நேரம் எந்த டிரைவர் தகராறு பண்ணுதுன்னு அதுலயே தெரிஞ்சிடும்.

3. என்ன மாறிச்சுன்னு பாருங்க. ஸ்டார்ட் மெனுல "ரிலையபிலிட்டி ஹிஸ்டரி"ன்னு தேடுங்க. நாள் வாரியா எப்போ கிராஷ் ஆச்சு, அதுக்கு முன்னாடி எந்த அப்டேட், எந்த சாஃப்ட்வேர் ஏறுச்சுன்னு காட்டும். ஒரு டிரைவர் ஏறின நாள்ல இருந்து பிரச்சனைன்னா, டிவைஸ் மேனேஜர்ல "ரோல் பேக்" பண்ணுங்க. இதுக்கு ஆகுற செலவு பூஜ்யம்.

4. ரேம் டெஸ்ட். விண்டோஸ்லயே மெமரி டயக்னாஸ்டிக் இருக்கு. இன்னும் கடுமையா பார்க்கணும்னா மெம்டெஸ்ட்86 ராத்திரி முழுக்க ஓட விடுங்க. ரெண்டு ரேம் இருந்தா ஒண்ணை மட்டும் மாட்டி ரெண்டு நாள், அப்புறம் இன்னொண்ணை மாட்டி ரெண்டு நாள். ஒண்ணு ஞாபகம் வைங்க: "மெமரி மேனேஜ்மென்ட்"னு கோடு வந்தாலே ரேம் போச்சுன்னு முடிவு பண்ணாதீங்க. டிரைவர் தப்பாலயும் அது வரும். அதனாலதான் டெஸ்ட்.

5. எஸ்எஸ்டி ஹெல்த். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோன்னு இலவச சாஃப்ட்வேர் இருக்கு. "குட்"னு காட்டலைன்னா மத்த எல்லாத்தையும் நிறுத்திட்டு பேக்கப்பை இன்னொரு தடவை சரிபாருங்க.

6. தூசு, சூடு, உப்பு. நம்ம ஊர்ல இது முக்கியம். கடலோரத்துல ஜன்னல் கம்பி துருப்பிடிக்கிற வேகம் உங்களுக்கே தெரியும். அதே காத்துதான் கேபினெட்டுக்குள்ளயும் போகுது. பிளக்கைப் புடுங்கிட்டு, ரேமைக் கழட்டி, அதோட தங்கக் கலர் பட்டையை சுத்தமான பென்சில் ரப்பரால லேசா தேய்ச்சு, துடைச்சு மறுபடி மாட்டினாலே சரியான மெஷின் நிறைய பார்த்திருக்கேன். ரப்பர் அஞ்சு ரூபாய். ஃபேன்ல தூசு அடைச்சிருந்தா பிரஷ் போதும்.

7. கரண்ட். யுபிஎஸ் பேட்டரி உயிரோட இருக்கா? எர்த் சரியா இருக்கா? வேற பிளக் பாயிண்ட்ல போட்டா என்ன ஆகுது? எஸ்எம்பிஎஸ்ல சந்தேகம் இருந்தா கடன் வாங்கி மாட்டிப் பாருங்க.

ஒரே ஒரு விதி: ஒருதடவை ஒண்ணை மட்டும் மாத்துங்க. ஒரே நாள்ல டிரைவர், ரேம், விண்டோஸ் எல்லாத்தையும் மாத்தினா, எது சரி பண்ணுச்சுன்னு கடைசி வரைக்கும் தெரியாது. அடுத்த தடவை மறுபடி எல்லாத்துக்கும் காசு கொடுப்பீங்க.

ஆபீஸ் கொடுத்த லேப்டாப்னா இதுல எதையும் பண்ணாதீங்க. போட்டோவை மட்டும் எடுத்து ஐடி டீமுக்கு டிக்கெட் போடுங்க. அது உங்க செலவும் இல்ல, உங்க பொறுப்பும் இல்ல.

வாரண்டி: உங்க காசு, நீங்கதான் மறந்துட்டீங்க

அசெம்பிள் பண்ண சிஸ்டத்துல ஒவ்வொரு பார்ட்டுக்கும் தனித்தனி வாரண்டி. கடையில கொடுக்குற ஒரு வருஷ சர்வீஸ் வேற, கம்பெனி வாரண்டி வேற. எஸ்எஸ்டிக்கு மூணுல இருந்து அஞ்சு வருஷம் சாதாரணம். பல பிராண்ட் ரேமுக்கு அதை விட நீளமான வாரண்டி உண்டு. பில் இருந்தா போதும். 2021-ல என் ரேமுக்கு வாரண்டி இருந்துச்சான்னு நான் பார்க்கவே இல்ல. பில் எங்கே போச்சுன்னே தெரியாது.

இன்டெல்லோட 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்கள்ல கிராஷ் பிரச்சனை இருக்குன்னு 2024-ல அந்தக் கம்பெனியே ஒத்துக்கிச்சு. பயாஸ் அப்டேட் கொடுத்து, பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு வாரண்டியை இன்னும் ரெண்டு வருஷம் நீட்டிச்சது. அது தெரியாம கைக்காசு போட்டு புது ப்ராசஸர் வாங்கியிருந்தா யாருக்கு நஷ்டம்? அதனால காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி மாடல் நம்பரைப் போட்டு ஒருதடவை தேடுங்க.

கடையில "போர்டு போச்சு"ன்னு சொன்னா, பதட்டப்படாம மூணு கேள்வி கேளுங்க: என்ன டெஸ்ட் பண்ணீங்க? எந்தப் பார்ட்டை மாத்திப் பார்த்தீங்க? எஸ்டிமேட்டை எழுதிக் கொடுக்க முடியுமா? நல்ல டெக்னீஷியன் சந்தோஷமா பதில் சொல்வார். அவருக்கு ஐந்நூறு ரூபாய் செக்கிங் சார்ஜ் தாராளமா கொடுங்க, அது செலவழிக்க வேண்டிய காசுதான். வாரண்டில இருக்குற பொருளை மாத்தித் தர மறுத்தா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கு.

எப்போ புதுசு வாங்கலாம்?

"எதையும் தூக்கிப் போடாதே"ன்னு பிடிவாதம் பிடிக்கிறதும் தப்பு. என் கணக்கு: ரிப்பேர் செலவு, அதே வேலைக்கு ஆகுற புது மெஷின் விலையில கால்வாசிக்குள்ள இருந்தா ரிப்பேர். பாதியைத் தாண்டினா புதுசு. நடுவுல இருந்தா, இன்னும் ரெண்டு வருஷம் இந்த மெஷின் உங்க வேலைக்குப் போதுமான்னு பாருங்க. ரேம் போர்டுலயே ஒட்டின லேப்டாப்ல மெமரி போனா, அது வேற கதை. பெரும்பாலும் போர்டு செலவுதான்.

"விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் முடிஞ்சிடுச்சே"ன்னு சிலர் அவசரப்படுறாங்க. 2025 அக்டோபர் 14-ல முடிஞ்சது உண்மை. ஆனா வீட்டு மெஷினுக்கு 2026 அக்டோபர் 13 வரைக்கும் கூடுதல் செக்யூரிட்டி அப்டேட் திட்டம் இருக்கு. மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல செட்டிங்ஸை சிங்க் பண்ணா தனியா காசு கட்டாமலே சேரலாம். பேலன்ஸ் பண்ணி வாங்க அது ஒரு மூச்சு நேரம்.

அந்த நேரத்துல ஒண்ணு பண்ணுங்க. மாசம் 500 ரூபாய் ஒரு தனி ஆர்டி போடுங்க, "சிஸ்டம் ஃபண்ட்"னு பேரு வைங்க. வருஷத்துக்கு 6,000, நாலு வருஷத்துல வட்டி இல்லாமலே 24,000. மெஷின் நிஜமாவே போற நாள்ல பாதிப் பணம் கையில இருக்கும். போகலைன்னா சேமிப்பு.

"இதுக்கெல்லாம் எனக்கு ஏது டைம்?"னு கேக்கலாம். சேதராப்பட்டுல ஷிஃப்ட் முடிச்சு வர்றவருக்கும், வாரம் ரெண்டு தடவை ஈசிஆர்ல சென்னை போயிட்டு வர்றவருக்கும் அலுப்பு எனக்குப் புரியுது. அப்பா கேஸ்ல நான் உக்காந்து வேலை பார்த்தது மொத்தமா ரெண்டு சாயங்காலம். மத்த நாள் எல்லாம் நோட்டுதான் வேலை பார்த்தது. ரெண்டு சாயங்காலத்துக்கு 44,600 கொடுக்கிற பார்ட் டைம் வேலை எதாவது தெரிஞ்சா எனக்கும் சொல்லுங்க.

அந்த நோட்டு இன்னும் அப்பா மேசையில இருக்கு. இப்போ அதுல கரண்ட் பில் ரீடிங், கேஸ் சிலிண்டர் எத்தனை நாள் வந்துச்சுன்னு எல்லாம் எழுதுறார். போன மாசம் ஃப்ரிட்ஜ் சத்தம் போட ஆரம்பிச்சப்ப, சர்வீஸ்காரரைக் கூப்பிடுறதுக்கு முன்னாடி அதுல நாலு வரி எழுதி வெச்சிருந்தார். நான் சொல்லவே இல்ல.

உங்க மெஷின் நல்லா ஓடிட்டு இருந்தாலும் சரி, இன்னைக்கு ராத்திரி பேக்கப் எடுங்க, பழைய பில்லைத் தேடி போட்டோ எடுத்து வைங்க. ஸ்டெப் எல்லாத்தையும் நம்ம சேனல் வீடியோல ஸ்கிரீன்ல காட்டியிருக்கேன். அடுத்த பதிவுல பார்ப்போம்.